மஞ்சப்பை நல்லதுதான், ஆனா இன்னைக்கு மட்டும் ஒரு கவர் குடுங்க

குடந்தை மளிகை

கும்பகோணத்தில் தெருமுனை மளிகைக்கடை என்னுடையது. அப்பா நடத்தியது, இப்போது நான் கல்லாவில் உட்காருகிறேன். நேற்றிலிருந்து ஒரு விஷயம் குடைந்துகொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த இழை.

சாயங்காலம் ஏழு மணி, கடையில் நல்ல கூட்டம். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், பல வருஷ வாடிக்கை. செத்துப்போன மாட்டின் வயிற்றிலிருந்து அள்ளி அள்ளி எடுத்த பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேப்பரில் படித்திருக்கிறார். பத்து நிமிஷம் பேசினார். காவிரி, அரசலாறு, அடைத்துக்கொண்ட சாக்கடை என்று ஒன்றையும் விடவில்லை. நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பில் போட்டு, துவரம்பருப்பு ஒரு கிலோ, புளி, நல்லெண்ணெய் எல்லாவற்றையும் மேஜையில் வைத்தேன். கையை நீட்டி, "சரி தம்பி, ஒரு கவர்ல போட்டுக் குடு" என்றார்.

குரலில் துளி கூச்சம் இல்லை. பத்து நிமிஷம் பேசியதற்கும் கடைசியில் கேட்டதற்கும் சம்பந்தம் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. பொய் பேசுகிற மனுஷரும் இல்லை. மாட்டுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார், நான் முகத்தைப் பார்த்தேன்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற அரசு இயக்கம் வந்தது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் பை தரும் மெஷின்கூட வைத்தார்கள். இத்தனைக்குப் பிறகும் கவர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் எல்லாக் கல்லாவுக்கும் கீழே ஒரு கட்டு இருக்கும். என் கல்லாவுக்குக் கீழேயும் உண்டு.

மனசு ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்கிறதே, நடுவில் என்ன நடக்கிறது? படித்தவர்கள் சொல்லுங்கள்.

ரெண்டாம் ஷிப்ட்

அவருக்கு ஆட்டிட்யூடு சரியில்லை அண்ணாச்சி.

பழைய வாத்தியார்

தம்பி சொன்ன சொல்லிலேயே ஆரம்பிக்கிறேன். நம் பேச்சில் 'ஆட்டிட்யூடு' என்றால் திமிர் என்று ஆகிவிட்டது. கல்லூரியில் உளவியல் நடத்தியபோது முதல் வகுப்பு முழுக்க இதைத் திருத்தவே போய்விடும். பாடத்தில் அதற்கு 'மனப்பான்மை' என்று பெயர். ஒரு பொருளை, ஒரு ஆளை, ஒரு கருத்தை நல்லது கெட்டது, பிடிக்கும் பிடிக்காது என்று மனம் போட்டு வைத்திருக்கிற மதிப்பு. அதில் நினைப்பு இருக்கும், உணர்ச்சி இருக்கும், இப்படி நடந்துகொள்ளலாம் என்ற சாய்வும் இருக்கும். மூன்றும் ஒரே பக்கம் இழுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

மளிகைக்காரர் கேட்ட கேள்வி 1930களிலேயே கேட்கப்பட்டது. ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், ஒரு இளம் சீனத் தம்பதியோடு இரண்டு வருஷ காலத்தில் அமெரிக்காவில் காரில் ஆயிரக்கணக்கான மைல் சுற்றினார். சீனர்கள் மேல் அங்கே வெறுப்பு இருந்த காலம், குடியேற்றத்தையே சட்டம் போட்டுத் தடுத்திருந்தார்கள். 251 ஓட்டல், விடுதி, சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனார்கள். முடியாது என்று திருப்பி அனுப்பியது ஒரே ஒரு இடம்தான்.

ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் போட்டார். 'சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா?' பதில் வந்தது 128 இடங்களிலிருந்து. அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் 'மாட்டோம்' என்றன. 1934இல் கட்டுரையாக வெளியிட்டார்.

உங்கள் பெரியவர் கதை இதைத் தலைகீழாகத் திருப்பியது. அவர்கள் காகிதத்தில் கடுமை, நேரில் மரியாதை. இவர் பேச்சில் கரிசனம், கையில் கவர்.

கணக்குப்பிள்ளை

வாத்தியார் ஐயா, அந்த லாபியர் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். கடிதத்துக்குப் பதில் எழுதியவர் யார்? முதலாளியாக இருக்கலாம், மேலாளராக இருக்கலாம். அன்றைக்கு ராத்திரி கவுண்டரில் நின்று சாவி கொடுத்தது வேறு ஆள். இவர் மனசை அவர் கையோடு ஒப்பிட்டுவிட்டு, மனசும் கையும் ஒத்துப்போகவில்லை என்பது கணக்கில் தப்பு.

இன்னொன்று. நேரில் வந்தது நன்றாக உடுத்திய, சிரித்த முகத்தோடு பேசுகிற தம்பதி. கூடவே ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். கடிதத்தில் இருந்தது 'சீனர்' என்ற வெறும் சொல். அந்தச் சொல்லைப் படித்தவர் மனசில் எந்த உருவம் வந்திருக்கும்? இரண்டும் ஒரே பொருள் இல்லை.

பழைய வாத்தியார்

நியாயமான சந்தேகம்தான், லாபியரைப் பற்றி உளவியல்காரர்கள் வைத்த முக்கியமான குறையும் இதுவே. உங்கள் இரண்டாவது புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் வந்தவர்கள் முன்னேறினார்கள்.

பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். அதை வைத்துக் குறிப்பிட்ட ஒரு செயலைச் சொல்ல முடியாது. டேவிட்சன், ஜக்கார்ட் என்ற இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். திருமணமான பெண்களிடம் கருத்தடை பற்றிப் பொதுவாக என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பிறகு அடுத்த இரண்டு வருஷத்தில் கருத்தடை மாத்திரை சாப்பிட்டார்களா என்று பார்த்தார்கள். இரண்டுக்கும் இருந்த ஒட்டுறவு (முழுக்க ஒத்துப்போனால் 1) 0.08, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அதே பெண்களிடம் 'அடுத்த இரண்டு வருஷத்தில் நீங்கள் மாத்திரை பயன்படுத்துவது பற்றி' என்று குறிப்பாகக் கேட்ட கேள்விக்கு அது 0.57 ஆக ஏறிவிட்டது. மனசு அதே மனசு. கேள்விதான் செயலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

உங்கள் பெரியவரிடம் பிளாஸ்டிக் நல்லதா என்று கேட்டால் மாடு வயிறு என்று பேசுவார். 'நாளைக்குச் சாயங்காலம் மளிகைக்கு வரும்போது வீட்டிலிருந்து பை எடுத்து வருவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். 'அது எங்கே ஞாபகம் இருக்கு, நான் கோயிலுக்குப் போயிட்டு அப்படியே வர்றவன்' என்பார். இந்த இரண்டாவது பதிலில்தான் அவர் கையை நீட்டப் போவது தெரியும்.

குடந்தை மளிகை

போன வருஷம் ஒரு கல்லூரிப் பெண் ப்ராஜெக்டுக்காகக் கடை வாசலில் தாள் கொடுத்தது ஞாபகம் வருகிறது. 'பிளாஸ்டிக்கைத் தவிர்க்க வேண்டும்': மிகவும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன் என்று ஐந்து கட்டம். நான் பார்த்த வரைக்கும் எல்லாரும் முதல் கட்டத்தில் டிக் அடித்தார்கள். ஒரு அம்மா தாளைக் கீழே வைக்க இடமில்லாமல் கவர் மேலேயே வைத்து டிக் போட்டார்கள்.

ரெண்டாம் ஷிப்ட்

இதைவிட நல்ல ஆய்வு வேண்டுமா? 😄

வடமராட்சி

நாங்கள் இதை 'மனப்பாங்கு' எண்டுதான் படிச்சனாங்கள். பொருள் ஒன்றுதான்.

இங்கே கடையில் கிடைக்கிறதைச் சொப்பிங் பேக் என்போம். அம்மம்மா மீன் வாங்கப் போகும்போது உமல் கொண்டு போவா. பனையோலையில் பின்னினது. மீன் தண்ணி சொட்டும், வீதி முழுக்க மணக்கும், ஒருத்தரும் வெட்கப்பட்டதில்லை. நான் படிக்கப் போன வயதில் அதைக் கையில் தூக்க எனக்கு வெட்கமாக இருந்தது. சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு கூடாத எண்ணமும் எனக்கு இருக்கேல்லை. உமலைப் பற்றித்தான் ஒரு எண்ணம் இருந்தது. எப்ப வந்தது எண்டு தெரியேல்லை.

மாடித்தோட்டம்

வடமராட்சி அக்கா சொன்னதுதான் விஷயத்தின் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாரும் பிளாஸ்டிக்கைப் பற்றிய மனப்பான்மையையே பேசுகிறோம். பையைப் பற்றிய மனப்பான்மையை யாரும் தொடவில்லை.

நான் பக்கத்து ஊரிலிருந்து சென்னைக்கு காலேஜ் படிக்க வந்தவள். அப்பா ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்டபோது கையில் மஞ்சப்பை. யாரோ மாமா வீட்டுக் கல்யாணத்துத் தாம்பூலப் பை, மாப்பிள்ளை பெண் பெயர் சிவப்பில் அச்சடித்தது. உள்ளே முறுக்கு, அதிரசம். அறையில் இருந்த இரண்டு பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த தடவை அப்பா வரும்போது ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையில் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் எழுதினேன். அவர் ஏன் என்று கேட்கவே இல்லை. அதை இப்போது நினைத்தால்தான் வயிறு என்னவோ செய்கிறது.

சினிமாவில் பட்டிக்காட்டான் பட்டணத்து பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கையில் என்ன இருக்கும்? எத்தனை படத்தில் பார்த்திருப்போம்! மஞ்சள் மங்கலம், கல்யாணம், கோயில் என்று வீட்டில் ஒரு அர்த்தம். ஊர் எல்லையைத் தாண்டினால் அதே பைக்கு 'விவரம் தெரியாதவன்' என்று அர்த்தம். இரண்டும் எனக்குள்ளே இருந்தன.

பழைய வாத்தியார்

அம்மா, இதை வகுப்பில் சொல்ல எனக்கு ஒரு கதை கிடைக்காமல் எத்தனை வருஷம் தவித்தேன் தெரியுமா!

மனப்பான்மை பல நேரம் இப்படித்தான் வந்து ஒட்டிக்கொள்கிறது. நாம் யோசித்து, நன்மை தீமை எடைபோட்டு எடுக்கிற முடிவாக அது இருப்பதில்லை. ஸ்டாட்ஸ் தம்பதியர் 1958இல் ஒரு எளிய சோதனை செய்தார்கள். மாணவர்களுக்குத் திரையில் நாட்டினப் பெயர்களைக் காட்டினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் காதில் ஒரு சொல் விழும். ஒரு குழுவுக்கு 'டச்சு' வரும்போதெல்லாம் இனிமையான சொல், 'ஸ்வீடன்' வரும்போது கசப்பான சொல். இன்னொரு குழுவுக்கு மாற்றி. கடைசியில் அந்தப் பெயர்களுக்கு மதிப்புப் போடச் சொன்னபோது, எது எதோடு சேர்ந்து வந்ததோ அதன் சுவை அதில் ஏறியிருந்தது. டச்சுக்காரர் ஒரு நல்லதும் செய்யவில்லை, ஸ்வீடன்காரர் ஒரு கெட்டதும் செய்யவில்லை.

அந்த இரண்டு பெண்களின் பார்வைதான் உங்கள் மஞ்சப்பைக்குப் பின்னால் காதில் விழுந்த சொல். அடுத்தவர் என்ன நினைப்பார் என்ற இந்த எடையை ஃபிஷ்பெயின், அய்சன் என்ற உளவியலாளர்கள் 1975இல் எழுதிய கோட்பாட்டில் தனியாகவே சேர்த்தார்கள். நமக்குப் பிடித்திருந்தால் மட்டும் போதாது, நமக்கு முக்கியமானவர்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் எண்ணத்தை இழுக்கும். பிறகு அய்சன் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்: இதைச் செய்ய நம்மால் முடியும் என்று நமக்குத் தோன்றுகிறதா? கோயிலிலிருந்து நேராக வருகிறவர் கையில் பை இல்லை. அங்கேயே கதை முடிந்தது.

கணக்குப்பிள்ளை

முடியுமா என்பதில் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டார்லி, பேட்சன் 1973இல் வெளியிட்ட சோதனை. பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்புப் படிக்கும் 40 மாணவர்கள். இன்னொரு கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும் என்று அனுப்பினார்கள். வழியில் ஒரு ஆள் சுருண்டு விழுந்து இருமிக்கொண்டிருப்பார், அவரும் ஆய்வுக்காரர்களின் ஆள்தான். அவசரமே இல்லை என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். இதில் வேடிக்கை, பாதிப் பேர் பேசப் போன தலைப்பே வழியில் விழுந்து கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய பைபிள் கதை.

அந்தப் பையன்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏழு மணிக் கூட்டத்தில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது மாட்டு வயிறு மனசின் முன்னறைக்கு வராது.

ரெண்டாம் ஷிப்ட்

நான் சீரியஸாகவே ஒன்று சொல்கிறேன். ஹெல்மெட்.

2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்று கோர்ட் உத்தரவு வந்தபோது வாங்கினவன் நான். அதுவரைக்கும் 'முடி கொட்டும், பின்னால் வர்ற ஹாரன் கேட்காது' என்று ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுத்தவன். முதல் ஆறு மாதம் முழங்கையில்தான் மாட்டியிருப்பேன், சிக்னலுக்கு நூறடி முன்னால் தலைக்குப் போகும். அப்புறம் எப்போது என்று தெரியவில்லை, கழட்டி மாட்ட சோம்பல்பட்டு தலையிலேயே விட்டுவிட்டேன். இப்போது ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்குப் போனால்கூட சட்டை போடாமல் போன மாதிரி இருக்கிறது. என் தம்பிக்கு ஹெல்மெட்டின் அருமையைப் பற்றி லெக்சர் வேறு கொடுக்கிறேன்.

என் விஷயத்தில் மனசு மாறி தலை மாறவில்லை. தலை மாறி மனசு பின்னால் ஓடி வந்தது.

பழைய வாத்தியார்

தம்பி, நீங்கள் ஷிப்ட் முடிந்து தூங்காமல் எழுதுவதற்குப் பலன் இருக்கிறது. டாரில் பெம் என்ற உளவியலாளர் சொன்னது இதேதான். நம் மனசு நமக்கே தெளிவாகத் தெரியாதபோது, நாம் செய்வதைப் பார்த்துத்தான் நம் மனசை ஊகிக்கிறோம், பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப் பார்த்து ஊகிப்பது மாதிரி.

மளிகைக்காரருக்கு உபயோகமாக இன்னொன்றைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் நடந்தது, 1992இல் வெளியானது. நீச்சல் குளத்திலிருந்து குளியலறைக்குப் போகும் பெண்களை வழிமறித்தார்கள். சிலரிடம், நீங்கள் குளிக்கும்போது சோப்புப் போடுகையில் குழாயை மூடுகிறீர்களா என்ற மாதிரிக் கேள்விகள், அவரவர் வீணடிப்பை ஞாபகப்படுத்த. சிலரிடம், தண்ணீரைச் சேமியுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லும் ஒரு போஸ்டரில் கையெழுத்து. சிலரிடம் இரண்டும். குளியலறைக்குள் ஒருவர் யாருக்கும் தெரியாமல் நேரம் பார்த்தார். ஒன்றுமே கேட்கப்படாதவர்கள் சராசரியாக ஐந்து நிமிஷம் குளித்தார்கள். இரண்டும் செய்தவர்கள் நாலு நிமிஷத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

உங்கள் பெரியவர் ஊருக்கு உபதேசம் செய்கிற பாதியை மட்டும் செய்கிறார். அவர் போன வாரம் வாங்கின கவரை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

கணக்குப்பிள்ளை

ஞாபகப்படுத்தினால் அடுத்த வாரம் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அண்ணாச்சி பிழைப்பையும் பாருங்கள்.

அப்புறம், சொல்லுக்கும் செயலுக்கும் முரண் வந்தால் மனசு உறுத்தி ஒன்றை மாற்றிக்கொள்ளும் என்பது ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1957இல் சொன்னது. பாடப்புத்தகத்தில் கல்வெட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் 2024இல் 39 ஆய்வகங்கள் சேர்ந்து கிட்டத்தட்ட 4,900 பேரை வைத்து அதற்கான புகழ்பெற்ற ஒரு சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தன. தங்கள் கருத்துக்கு எதிராகக் கட்டுரை எழுதியவர்களின் எண்ணம் கொஞ்சம் நகர்ந்தது உண்மை. ஆனால் சொன்னதற்காக எழுதியவர்களைவிட விருப்பப்பட்டு எழுதியவர்களின் எண்ணம் அதிகம் நகர வேண்டும் என்று கோட்பாடு சொன்னது, அந்த வித்தியாசம் வரவில்லை. அதனால் உறுத்தலை நம்பிக் கடை நடத்த வேண்டாம்.

குடந்தை மளிகை

நாலு நாள் ஆச்சு, வந்து சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை சொன்னது மாதிரி யாரையும் குத்திக்காட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் செய்தேன். கல்லாவுக்குக் கீழே இருந்த கட்டை எடுத்துப் பின்னால் அரிசி மூட்டை அறையில், மேல் பரணில் போட்டேன். கேட்டால் இல்லை என்று சொல்வதில்லை. 'உள்ளே இருக்கு, பையன் எடுத்துட்டு வருவான், அஞ்சு நிமிஷம்' என்கிறேன். வீட்டில் சும்மா கிடந்த தாம்பூலப் பைகளைத் துவைத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டேன். எடுத்துப் போங்க, அடுத்த தடவை கொண்டு வாங்க என்று. அஞ்சு நிமிஷம் காத்திருக்க யாருக்கும் மனசில்லை. மாடு வயிறு செய்யாததை அரிசி மூட்டை செய்கிறது. பை திரும்பி வருவது பாதிதான், அது வேறு கணக்கு.

பெரியவர் முந்தாநாள் வந்தார். ஆணியிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்து, பெயரைப் படித்து, 'இது யாரு, நம்ம சாரங்கபாணி கோயில் பக்கத்து வீட்டுப் பையனா?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதிலேயே வாங்கிப் போனார். நேற்று அதே பையோடு வந்து, 'பிளாஸ்டிக்கே எனக்கு ஆகாது தம்பி, நான் எப்பவும் பைதான்' என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். நான் புளியை நிறுத்துக்கொண்டிருந்தேன். நிமிரவே இல்லை.

ரெண்டாம் ஷிப்ட்

எப்பவும்! 😂 பெம் ஐயா வாழ்க.

மாடித்தோட்டம்

பெயரைப் படித்தார் பாருங்கள். அவருக்கு அந்தப் பை பட்டிக்காட்டுப் பை இல்லை, தெரிந்த வீட்டுக் கல்யாணம். அரசாங்கம் தரும் பையில் பெயர் இல்லை. இந்த வித்தியாசத்தை யாராவது அளந்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

குடந்தை மளிகை

கடைசியாக ஒரு விஷயம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்த இழையை என் வீட்டம்மா நேற்று ராத்திரி முழுக்கப் படித்தாள். படித்து முடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போய், காலையில் நான் மார்க்கெட்டிலிருந்து வஞ்சிரம் வாங்கி வந்த கருப்புக் கவரைக் கழுவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாங்குகிறேன். ஒரு தடவைகூட என் கண்ணில் பட்டதில்லை.

மஞ்சப்பையில் மீன் வாங்க முடியாது. தண்ணி ஒழுகும், பை நாறும். ஸ்கூட்டரில் வேறு வர வேண்டும். வடமராட்சி அக்கா, அந்த உமல் எவ்வளவு பெரிசு இருக்கும்? ஹேண்டில்பாரில் மாட்ட முடியுமா?

வடமராட்சி

ஒரு கிலோ மீனுக்குச் சின்ன உமல் காணும். பிடி இருக்கும், மாட்டலாம். சொட்டும் எண்டதை மட்டும் ஒண்டும் செய்ய ஏலாது, கால்ச்சட்டையைக் கவனம் பாருங்கோ. அம்மம்மா வந்த உடனே கழுவி வேலியில் வெயிலுக்குக் கொளுவி விடுவா, மணம் போயிடும்.